ஒலிச் சின்னம் பெற்ற வீடு

எட்டாங்கட்டைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக வாத்தியாராக இருந்த கிரகரிக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் முழுத் தெளிவு உண்டு. ஓர் எழுத்துக்கு என்ன சத்தம் என்பது எழுத்தில் இல்லை. அன்றைக்கு மலையேறி வந்திருக்கிற பெரிய மனுஷரின் வாயில் இருக்கிறது.

இந்த ஞானம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஊரில் பாதிரிமார் பள்ளியில் இங்கிலீஷ் படித்தபோது அவருக்கு ஒரு சத்தம் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே இங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். அவர் ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்து, 'ஆர்' என்ற எழுத்தை இப்படியா உயிரில்லாமல் சொல்வது என்று கோபப்பட்டு, லோரி மேட்டில் ஏறுகிற மாதிரி நாக்கை உருட்டிக் காட்டினார். ஆறு மாதம் பிள்ளைகள் உருட்டினார்கள். பிறகு கீழேயிருந்து கல்வி இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் லண்டன்காரர். உருட்டலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்து, 'ஆர்' எழுதுவதற்கு மட்டுமான எழுத்து, நாகரிகம் உள்ளவர்கள் அதை விழுங்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு பிள்ளைகள் துரை வரும்போது உருட்டினார்கள், இன்ஸ்பெக்டர் வரும்போது விழுங்கினார்கள்.

எழுத்துக்கூட்டும் கதையோ இன்னும் மோசம். இங்கிலீஷில் கத்தி என்ற சொல்லுக்கு முன்னால் 'கே' என்று ஓர் எழுத்தை நிறுத்திவைத்துவிட்டு, அதை வாய்திறந்து சொல்லவே கூடாது என்பார்கள். அது ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. துரை பங்களா வாசலில் காவல்காரன் ஏன் நிற்கிறான், அந்த மாதிரிதான் என்று கிரகரி சொல்லிவைத்தார். அந்தப் பதிலில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆகவே அவருடைய போதனா முறை எளிமையானது. "பெரியவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே சொல்லு" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அந்த முறைக்கென்றே பிறந்தவள் சரோஜா. ஒன்பது வயசு. கங்காணி அதட்டுவது, துரை உருட்டுவது, தேயிலை ஸ்டோரில் சங்கு ஊதுவது என எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிக் கொடுப்பாள். கிரகரி மூக்குப்பொடி போட்டுத் தும்முவதையும் ஒருநாள் செய்து காட்டி அவரிடமே அடி வாங்கினாள். அவளுடைய அப்பன் மாடசாமி கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிச் சீர்செய்கிற வேலை. அம்மா செல்லம் காய்ச்சலில் போன பிறகு கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறை ஒன்றில் இவர்கள் இரண்டு பேர்தான். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, மற்றவர்கள் 'இருக்கேன்' என்பார்கள். மாடசாமி ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தா நிக்கிறேன் சாமி" என்பான். சாயங்காலம் சரோஜா அதைச் செருமலோடு செய்து காட்டுவாள். லயமே சிரிக்கும், முதலில் சிரிப்பவன் மாடசாமியாகத்தான் இருப்பான்.

ஜப்பான்காரன் வந்தான். துரை போனார். வருஷத்தையே தங்கள் கணக்குப்படி இரண்டாயிரத்து அறுநூற்று இரண்டு என்று மாற்றிவிட்டார்கள். கடிகாரத்தையும் முன்னால் தள்ளிவைத்தார்கள். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு என்று ஆனது. இதையெல்லாம் ஜனங்கள் தாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகுதான் மலைப் பட்டணமான தானா ராத்தாவில் ஒலித் திருத்தக் காரியாலயம் திறந்தது.

காரியாலயத்தின் முதல் சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. இங்கிலீஷ் எதிரியின் பாஷை, இனி நிப்போன் பாஷை, அதாவது ஜப்பான் பாஷை, மட்டுமே. இரண்டாவது சுற்றறிக்கை அவ்வளவு தெளிவாக இல்லை. நிப்போன் எழுத்தில் அச்சடித்த பாடங்கள் கப்பலில் எங்கோ மாட்டிக்கொண்டதால், தற்காலிகமாக நிப்போன் பாஷையை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதிக் கற்பிக்க வேண்டும். ஆனால் அந்த எழுத்துகளின் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. அவை எதிரியின் எழுத்துகள் அல்ல என்றும், இத்தனை காலம் எதிரி அவற்றை அனுமதியின்றி உபயோகித்துவந்தான் என்றும் விளக்கம் தந்திருந்தார்கள்.

எழுத்தின் பெயரைச் சொல்லாமல் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கிரகரி இரண்டு நாள் யோசித்தார். பிறகு கைக்கோலால் தொட்டுக் காட்டி, "இந்த ஆளு", "அந்த ஆளு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாவது சுற்றறிக்கை, நிப்போன் பாஷைக்கு இருபத்தாறு எழுத்து தேவையில்லை, ஏழு பேருக்கு வேலை நீக்கம் என்றது. பிள்ளைகள் பலகையிலிருந்து ஏழு எழுத்துகளை அழித்தார்கள். ஒரு மாதம் கழித்து நான்காவது சுற்றறிக்கை வந்தது. காரியாலயத்தின் புதிய தலைவர் வேறு முறையில் எழுத்துக்கூட்டுகிறவராம். ஏழு பேரில் மூன்று பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டிருக்கிறது, திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் என்றிருந்தது. தோட்டத்தில் ஆட்களை நிறுத்துவதும் சேர்ப்பதும் இப்படித்தான் நடக்கும் என்பதால் பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஐந்தாவது சுற்றறிக்கையோடு சிரிப்பு நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஒவ்வொரு தோட்டமும் ஆள் தர வேண்டும், எட்டாங்கட்டையின் பங்கு பத்தொன்பது பேர். ஆனால் காரியாலயம் இரக்கமற்றது அல்ல. எந்த வீட்டுப் பிள்ளை ஒலிப் பரீட்சையில் தேறி, சட்டையில் குத்துகிற ஒலிச் சின்னம் வாங்குகிறதோ, அந்த வீடு பாஷை வீடு. பாஷை வீட்டிலிருந்து தூர தேசத்து வேலைக்கு ஆள் எடுக்க மாட்டார்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினம் பெயர்ப்பட்டியல் எழுதினார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல கையெழுத்து. ஏழாவதாக மாடசாமியின் பெயர் இருந்தது.

மாடசாமி அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். கையில் இருந்த கவ்வாத்துக் கத்தியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"வாத்தியாரய்யா, நான் போயிட்டா புள்ளைக்கு ஆளு இல்ல. அதுக்கு அந்தச் சத்தம் வந்துருமா?"

"உன் மகளுக்கு வராத சத்தமா? வாங்கிடுவா மாடசாமி. நான் பொறுப்பு."

வாய் சும்மா இருக்கிறதா பாருங்கள். பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிரகரிக்குக் கிழங்குகூட இறங்கவில்லை.

சத்தம் சொல்லிக்கொடுக்க வந்தவர் மொரிதா என்ற உத்தியோகஸ்தர். குட்டையான மனுஷர், எப்போதும் ஜலதோஷம். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாஜுதீனைப் பிடித்து வந்தார்கள். சண்டைக்கு முன்னால் அவருடைய கடைக்கு அடுத்த கடையில் ஒரு ஜப்பான்காரர் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார், அவரிடம் பேசிப் பேசிக் கற்ற பாஷை. மொரிதா ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவார், கடைசிச் சொல்லை மேலே தூக்கி இழுப்பார். கிரகரி தம்முடைய முறைப்படி பிள்ளைகளுக்கு உத்தரவிட்டார். பெரியவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே.

நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக மூக்கை உறிஞ்சி, கடைசிச் சொல்லைத் தூக்கி இழுத்தார்கள். உறிஞ்சல் பாடத்தில் சேர்த்தியா இல்லையா என்று கிரகரிக்குச் சந்தேகம்தான். ஆனால் கத்திக்கு முன்னால் 'கே' நின்றதைப் பார்த்த மனுஷர் அவர். எது தேவையானது, எது காவலுக்கு நிற்பது என்று நாம் எப்படித் தீர்மானிப்பது? விட்டுவிட்டார்.

எல்லோரையும்விட சரோஜா நன்றாகச் சொன்னாள். மாடசாமி வேலை முடிந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பான். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் தலையாட்டுவான். மூன்றாம் மாதம் சரோஜா பரீட்சைக்கான ஐந்து வாக்கியங்களையும் தனியாகச் சொன்னபோது மொரிதா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாஜுதீன் கிரகரியிடம் மெதுவாகச் சொன்னார், அந்த ஆளுடைய ஊர் தெற்குக் கடலோரமாம், அங்கே அவருக்கும் இந்த வயசில் ஒரு மகளாம், பிள்ளை பேசுவதைக் கேட்டால் வீட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கிறதாம். சின்னம் இவளுக்குத்தான் என்று மொரிதாவே சொன்னார். பரீட்சைக்கு மேலிடத்திலிருந்து வேறு ஒருவர் வருவார், அவ்வளவுதான்.

வந்தவர் ஹிரானோ, தலைநகரத்துக்காரர். கையுறையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மொரிதா சுவரோடு சுவராக விறைத்து நின்றார். முதலில் கூப்பிட்டது சரோஜாவை. அவள் நேராக நின்று, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, ஐந்து வாக்கியங்களையும் ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி, ஒவ்வொன்றின் கடைசியையும் அழகாகத் தூக்கி இழுத்தாள். கிரகரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஹிரானோ நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு ஒரு பிரசங்கம் செய்தார். தாஜுதீன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார். நிப்போன் தேசத்தில் ஒரே பாஷை, ஒரே ஒலி. வடக்கும் தெற்கும் கிடையாது, பட்டிக்காடு கிடையாது. இந்தப் பிள்ளை பேசியது ஒரு தெற்கத்தி மீன்பிடிக்காரன் குடித்துவிட்டுப் பேசுகிற பேச்சு. அப்படிப்பட்ட மீன்பிடிக்காரன் எங்கள் தேசத்தில் இல்லை. இல்லாத பேச்சை இந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

கிரகரி வாழ்க்கையில் எந்த அதிகாரியையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஜன்னலுக்கு வெளியே மாடசாமி நின்றுகொண்டிருந்தான். கிரகரி அவனைப் பார்த்தார், பிறகு தாஜுதீனிடம் திரும்பினார்.

"மொரிதா ஐயா சொல்லிக்கொடுத்ததத்தான் புள்ள சொல்லுது. ஐயா பேசுறது அப்படித்தான் இருக்கும்னு சொல்லுங்க."

"வாத்தியாரே, வேணாம்லா."

"சொல்லுங்க பாய்."

தாஜுதீன் சொன்னார். ஹிரானோ மெல்லத் திரும்பி மொரிதாவைப் பார்த்து, நீ இப்படித்தான் பேசுவாயா என்று கேட்டார். மொரிதாவின் மூக்கு அடைத்துக்கொண்டு நின்றது. உறிஞ்சாமல், இழுக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது 'இல்லை' என்பது. அதைத் தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் தாஜுதீனுக்கு இருக்கவில்லை.

மொரிதா வாயைத் திறந்து இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் போதும், விஷயம் வெளிச்சமாகியிருக்கும். அதனால்தான் பேசவில்லை. ஹிரானோ தீர்ப்புச் சொன்னார். நிப்போன் உத்தியோகஸ்தர்களுக்கு ஊர்வாடை கிடையாது, ஆகவே தவறு கேட்டவர்களின் காதில்தான் இருக்கிறது.

அன்று மூன்று பிள்ளைகள் தேறினார்கள். மூன்றும் மூன்று மாதமாக ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல் வாய்க்குள் முணுமுணுத்த பிள்ளைகள். முணுமுணுப்பில் தெற்கத்தி வாடை எதுவும் காணப்படவில்லை. கிரகரியின் காதுக்குத் தண்டனையாக, அவர் ஒரு மாதம் முதல் வகுப்பில் மாணவராக உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும் என்று உத்தரவானது. பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். அதனால் யாரும் இல்லாத பலகையைப் பார்த்துக்கொண்டு, கால் மடங்காத சின்னப் பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

லோரி அந்த மாதத்திலேயே வந்தது. பத்தொன்பது பேரும் ஒரு பாயும் சோறு வாங்க ஒரு மங்குக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கிரகரி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஓரமாக நின்றார். மாடசாமியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பொறுப்பு என்று சொன்ன வாய் அல்லவா? மாடசாமிதான் கூப்பிட்டான்.

"உங்க மேல தப்பில்ல வாத்தியாரய்யா. புள்ள நல்லாத்தான் சொல்லுச்சு. நான் கேட்டேனே."

பிறகு மகளைப் பார்த்தான். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவன் என்ன நினைத்தானோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தா நிக்கிறேன் சாமி" என்றான், அவள் சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. லோரி திரிங்காப் வளைவில் திரும்பும் வரைக்கும் அவன் நின்றுகொண்டேதான் போனான்.

சரோஜாவைக் கிரகரியின் மனைவி கத்தரீன் தம் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பிள்ளை கொடுத்ததைத் தின்றது, சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. தன் குரலும் இல்லை, மற்றவர்கள் குரலும் இல்லை. கத்தரீன் ஜெபம் செய்தாள், மந்திரிக்கிறவரிடமும் போய்வந்தாள். கிரகரி ஒருநாள் பிள்ளைக்கு முன்னால் மூக்குப்பொடி போட்டு வேண்டுமென்றே மூன்று முறை தும்மினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவர் பின்கட்டுக்குப் போய் அழுதார்.

சயாமிலிருந்து கடுதாசி எதுவும் வரவில்லை. பக்கத்தூர் கோலா தெர்லாவுக்கு அங்கிருந்து திரும்பி வந்த ஒருவன் ஏதேதோ சொன்னான். அதைச் சரோஜாவின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து மறுபடியும் பரீட்சை. மொரிதாவையும் காணோம், ஹிரானோவையும் காணோம். இந்த முறை வந்தவர் களைத்துப்போன ஒரு வயதானவர், கையில் மார்க் போடுகிற அச்சுப் பாரம் ஒரு கட்டு. காரியாலயம் இப்போது முறையைச் சீர்படுத்தியிருந்தது. நூறு மார்க்கில் ஆரம்பிக்க வேண்டும், ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து கழிக்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சொல்லிச் சொல்லி மார்க்கை இழந்தார்கள். சரோஜாவின் முறை வந்தது. அவள் வந்து நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, பாரத்தில் எழுதினார். பிழைகள்: ஒன்றுமில்லை. மார்க்: நூறு.

கிரகரி எழுந்து, பிள்ளை பேசவே இல்லையே ஐயா என்றார். தாஜுதீன் அதைச் சொல்லி, வந்த பதிலையும் சொன்னார்.

"பேசுறவங்கதான் பிழை விடுறாங்களாம். காரியாலயம் எதிர்பார்க்கிற ஒழுங்கு இந்தப் புள்ளைக்கு ஒண்ணுக்குத்தான் இருக்காம். எல்லாப் புள்ளைங்களும் இது மாதிரி இருந்துட்டா அவுங்க வேலை முடிஞ்சிரும்னு சொல்றாரு."

சின்னத்தை அவரே எழுந்து சரோஜாவின் கோணிச் சட்டையில் குத்திவிட்டார். கூடவே ஒரு தாள். இன்றிலிருந்து மாடசாமியின் வீடு பாஷை வீடு. இந்த வீட்டு ஆள் மாடசாமியைத் தூர தேசத்து வேலைக்கு எடுக்கக் கூடாது.

அவன் போய்ப் பதினோரு மாதமாகிறது என்று கிரகரி சொல்லிப் பார்த்தார். அது வேறு காரியாலயம் என்றார் பெரியவர். தங்களுடைய காரியாலயத்துக்கு விதி ஒன்றுதான். நாளைக் காலைப் பெரட்டில் மாடசாமியின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். அவன் குரல் கொடுத்துத் தாளை வாங்க வேண்டும். அது அவன் குரல்தான் என்று ஒலி அறிந்த ஒருவர், அதாவது வாத்தியார், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குரல் வராவிட்டால் தாள் செல்லாது, சின்னத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலையில் மூடுபனி. மிச்சம் இருந்த ஆட்கள், அதிகமும் பெண்கள், வரிசையில் நின்றார்கள். கிரகரி குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு கிராணியின் பக்கத்தில் நின்றார். சரோஜா எப்போது வீட்டிலிருந்து வந்தாள் என்று அவர் கவனிக்கவில்லை. வரிசையில் கவ்வாத்துக்காரர்கள் நிற்கும் இடத்தில், அவளுடைய அப்பன் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நாகரத்தினம் தாளைக் கையில் எடுத்தார்.

"நான் என்ன செய்யிறது மாஸ்டர், கூப்பிடச் சொல்லியிருக்கினம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பெயரைக் கூப்பிட்டார்.

"மாடசாமி."

ஒரு சத்தமும் இல்லை. சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"மாடசாமி."

கிரகரி கண்ணை மூடிக்கொண்டார். இது முடிந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

"மாடசாமி."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இந்தா நிக்கிறேன் சாமி."

பனிக்குள்ளிருந்து வந்தது மாடசாமியின் குரல். அந்தக் கரகரப்பு, 'சாமி'யில் கொஞ்சம் தாழ்ந்து தேய்கிற அந்த இடம், எல்லாம் அப்படியே. ஒரு பெண் ஐயோ என்று கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கிரகரி சத்தம் வந்த பக்கம் திரும்பினார். கண்ணைத் திறந்தால் ஒன்பது வயசு தாண்டி இப்போதுதான் பத்து ஆன பிள்ளை, கோணிச் சட்டையும் சின்னமுமாக, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றது. பதினோரு மாதத்தில் அது பேசிய முதல் வார்த்தை.

கிராணி அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே தாளைக் கிரகரியிடம் நீட்டினார்.

"மாஸ்டர், நீங்கள்தான் சொல்ல வேணும். குரல் சரியோ?"

பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ வாய்களுக்குச் சரி, தப்பு என்று சொல்லியிருக்கிறார் கிரகரி. ஒரு தடவையும் நிச்சயமாகத் தெரிந்து சொன்னதில்லை. இன்றைக்குத் தெரிந்தது.

"சரி" என்றார்.

பென்சிலை வாங்கி, தாளின் அடியில், மாடசாமியின் குரல்தான், பிழை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரோஜா வரிசையிலிருந்து வந்து, அப்பன் சம்பளச் சீட்டை வாங்குவதுபோல இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, திரும்பிப் போய் அவன் இடத்திலேயே நின்றாள்.